ட்ரை டொர்டுகாஸ் போகும் நம்மவர்களுக்கு

புளோரிடாவைச் சுற்றிப் பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். கீ வெஸ்ட் வரை வருகிறவர்கள் பலர் அங்கிருந்து ட்ரை டொர்டுகாஸுக்கும் போகிறீர்கள். மேற்கே சுமார் 110 கிலோமீட்டர், படகில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஏழு சின்னப் பவளத்தீவுகள், இப்போது தேசியப் பூங்கா. அவற்றில் ஒன்றை ஏறக்குறைய முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறது ஜெஃபர்சன் கோட்டை. உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: நீந்தக் கடலில் இறங்கும் முன் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

1.6 கோடிச் செங்கற்கள். 1846இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கட்டியும் முடியவில்லை. கோட்டைக்குள் போனதும் எல்லோரும் தேடுவது சாமுவேல் மட் என்ற மருத்துவரின் சிறையறையைத்தான். லிங்கனைச் சுட்டவனின் முறிந்த காலுக்குக் கட்டுப்போட்டவர். 1867இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது இங்கே நோயாளிகளைக் கவனித்தவர். 1869இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானவர். அறையைப் பாருங்கள், படமும் எடுங்கள்.

ஆனால் அவர் கைதியாக வந்தது 1865இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே விருப்பமில்லாமல் வந்தவர்கள் உண்டு. கீ வெஸ்ட்டில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் அவர்களை அரசின் கட்டுமான வேலைக்கு வாடகைக்கு விட்டார்கள். உழைத்தது இவர்கள், கூலி போனது எஜமானர் கைக்கு. சுற்றிலும் கடல், தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. அப்படியும் 1847இல் ஏழு பேர் படகேறித் தப்பினார்கள். எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மட் கதையை விட இந்தக் கதைதான் என்னை உலுக்கியது.

சுவரில் கீழே உள்ள செங்கற்கள் வெளிறிய நிறம். மேலே போகப்போகச் சிவப்பு. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தென்மாநிலச் செங்கல் வரத்து நின்றுபோய், வடக்கிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். அடிமைகளின் உழைப்பு அதிகம் சேர்ந்தது அந்த வெளிறிய பகுதியில்தான். கூலிக்கு வந்த கொத்தனார்களும் அதில் வேலை பார்த்தார்கள்.

நிறம் மாறும் அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். பூங்கா ஊழியர்களிடம், "இதைக் கட்டியவர்கள் யார்?" என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் அந்தக் கதையை இன்னும் விரிவாகச் சொல்வார்கள். இன்னொன்று, உதிர்ந்து கிடக்கும் செங்கல் துண்டையோ பவளத்தையோ ஞாபகத்துக்கென்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேசியப் பூங்காவில் அது குற்றம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்