ஆறாம் நாள் நடுப்பகலில்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெள்ளைக் கோட்டு விழாவில் மாணவர்கள் எடுக்கும் உறுதிமொழி பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரிலா, ஆயுர்வேத ஆசான் சரகர் பெயரிலா என்று 2022-இல் ஒரே சண்டை. யார் ஜெயித்தாலும் நோயாளிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கிரேக்கர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறு: கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் அன்றாடக் குறிப்பு, எழுதும் வித்தை.

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ‘எபிடெமிக்ஸ்’ என்று ஒரு தொகுப்பு. அதன் முதல், மூன்றாம் பகுதிகளில் 42 நோயாளிகளின் குறிப்புகள் உள்ளன. முதல் ஆள் பிலிஸ்கஸ், மதிலோரம் குடியிருந்தவர். கடும் காய்ச்சல், வியர்வை. மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது, மாலையில் திரும்பியது. நாக்கு வறண்டது, சிறுநீர் கறுத்தது, இரவெல்லாம் பிதற்றல். ஐந்தாம் நாள் மூக்கில் கொஞ்சம் ரத்தம். கைகால் சில்லிட்டு, எவ்வளவு முயன்றும் சூடேறவில்லை. ஆறாம் நாள் நடுப்பகலில் இறந்தார். கடைசியில் ஒரு குறிப்பு: அவருடைய மூச்சு, விட வேண்டும் என்று ஞாபகம் வந்து விடுபவரைப் போல, எப்போதாவதுதான் வந்தது, பெரிதாக வந்தது.

ஜான் செயின் என்ற மருத்துவர் 1818-இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவர் 1854-இலும் விவரித்த, நின்று நின்று வரும் அதே மூச்சு இது என்கிறார்கள்.

42 பேரில் 25 பேர் செத்துப்போனார்கள். எழுதியவர் யாரோ, ஒருவரையும் மறைக்கவில்லை. ‘உதவி செய், முடியாவிட்டால் கெடுதலாவது செய்யாதே’ என்ற வாசகமும் இந்த நூலில்தான் இருக்கிறது. ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியில் தேடினால் அந்தச் சொற்கள் கிடைக்காது.

கிரேக்கர்களைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ரத்தம், சளி, இரண்டு வகைப் பித்தம் ஆகிய நான்கும் சமநிலை தவறினால் நோய் என்ற அவர்கள் கணக்கை நம்பி 19-ஆம் நூற்றாண்டு வரை ரத்தத்தை வடித்து ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து கேலன் என்ற பிற்காலக் கிரேக்க மருத்துவர் சொன்ன மனித உடற்கூறை 1543-இல் உடற்கூறியலாளர் வெசேலியஸ் வந்துதான் திருத்த வேண்டியிருந்தது. விளக்கம் தப்பு. ஆனால் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தது தப்பில்லை.

என் அப்பா போன வருடம் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்தார். கடைசி இரவில் அவர் மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். டியூட்டியில் இருந்த தம்பியிடம் சொன்னேன். “சரிங்க சார், பார்க்கிறோம்” என்றார். அப்புறம் கேஸ் ஷீட் நகல் வாங்கிப் பார்த்தேன். நான்கு நாளும் ஒரே பேனா, ரத்த அழுத்தம் ஒரே 120/80. மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. காரணம்: இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம். யாருக்குத்தான் அப்படி நிற்காது?

கோபத்தில் எழுதவில்லை. அந்தத் தம்பி அன்றைக்கு எத்தனை கட்டில் பார்த்தாரோ. என் வேண்டுகோள் சின்னது. ஹவுஸ் சர்ஜன்கள் வார்டுக்கு வரும் முதல் நாள் பிலிஸ்கஸின் அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு நோயாளியையாவது, மானிட்டரைப் பார்க்காமல், கண்ணால் கண்டதை மட்டும் வைத்து அவர்கள் எழுதட்டும். பிழைக்காதவர்களைப் பற்றி எழுதியதையும் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்