ஒரே ஊசியாகப் போடுங்கள், ஐயா

மலைநாட்டுக் கால்நடை வைத்திய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் செத்த கிடாரியைப் பற்றி அறிக்கை வந்திருக்கும். அறிக்கையில் இல்லாததைச் சொல்கிறேன். சாயங்காலம் நான் புல்லுக்கட்டோடு வந்தபோது அது பின்னங்காலை நொண்டியது. தொடை வீங்கியிருந்தது, கை வைத்து அழுத்தினால் உள்ளே அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். விடிவதற்குள் முடிந்துவிட்டது. கொழுகொழுவென்று இருந்த கிடாரி. அடுத்த வருடம் பால் வரும் என்று என் மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"ஊசி போட்ட மாடுதானே?" என்று எல்லோரும் கேட்டார்கள். போட்டதுதான். ஆனால் அது கால் வாய் நோய்க்கு. கிடாரியைக் கொன்ற சப்பை நோய்க்கும், தொண்டை அடைப்பானுக்கும் "பிறகு வரும்" என்றார்கள். வரவில்லை. ஒன்று வைரஸ், மற்ற இரண்டும் பாக்டீரியா, ஒன்றின் ஊசி மற்றதைத் தடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு மாடு செத்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றுக்கும் சேர்த்த கலப்புத் தடுப்பூசி இந்தியாவில் பாவனையில் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம்: ஒரே நாளில், ஒரே ஊசியாகப் போடுங்கள்.

ஊசி நாள் எப்போதும் வேலை நாளில்தான் வருகிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றால் அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய கூலி இல்லை. கலப்பு ஊசி போட்டாலும் கால் வாய் நோய்க்கு ஆறு மாதத்தில் இன்னொன்று வேண்டும் என்பீர்கள். சரி, வருகிறோம். தனித்தனி ஊசிகளுக்காக வருடத்தில் நாலு நாள் பேர் இழப்பதற்குப் பதில் இரண்டு நாள் பேரோடு போகும். இப்போது பலர் மாட்டை ஓட்டி வருவதே இல்லை. அப்புறம் "தோட்டத்து ஆட்களுக்கு அக்கறையில்லை" என்று பேச்சு. மேடையேறினால் பால்மா இறக்குமதியைக் குறைப்போம் என்கிறார்கள். எதை வைத்து? செத்த கிடாரியைக் கறந்தா?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், தோட்டத்தின் மேல் டிவிசனுக்குக் கொண்டுவருவது கஷ்டம் என்று ஒருமுறை சொன்னார்கள். ஐஸ் பெட்டியை நாங்களே சுமந்து வருகிறோம். கொழுந்துக் கூடை சுமக்கிற முதுகுக்கு அது பாரமில்லை.

தயவுசெய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மூன்றுக்கும் ஒரே ஊசியோடு. தொழுவத்தில் ஒரு கன்று மிச்சமிருக்கிறது. வருகிற மாதம் அதற்கு நாலு மாதம் முடிகிறது, ஊசி போடும் வயது.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் மாடு வளர்க்கும் ஒருவன்