கடிவாளமும் தூண்டில் இரையும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், உன் மகள் எழுதிய ஆங்கில வேலை விண்ணப்பத்தின் நகலும் செவ்வாயன்று வந்து சேர்ந்தன. கண் அறுவைக்குப் பின் படிப்பதில் சிரமம் இல்லை என்பதால் உடனே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சொல்ல வந்ததில் குறை ஏதும் இல்லை. வழக்குத் தொடர்களில்தான் ஐந்தாறு இடங்களில் பென்சில் வைத்திருக்கிறேன்.

'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடித்திருக்கிறாள். 'டு' வந்தாலே அடுத்து வெறும் வினைச்சொல் என்று பள்ளியில் பதிந்துவிட்டதன் விளைவு இது. இங்கே அந்த 'டு' முன்னிருக்கும் 'ஃபார்வர்ட்' என்பதோடு சேர்ந்தது. அதன் பின் பெயர்ச்சொல்லோ தொழிற்பெயரோதான் வரும், ஆகவே 'மீட்டிங் யூ'. தமிழில் சொல்லிப் பார்த்தாலே தெளிந்துவிடும்: நாமும் 'சந்திப்பை எதிர்நோக்குகிறேன்' என்றுதானே எழுதுகிறோம்?

'டிஸ்கஸ் அபவுட்' என்ற தொடரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் நான் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றில் 'அபவுட்' என்ற சொல்லை மட்டும் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்து, ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் என்ன பிழை என்பதே அன்று மாலைவரை எனக்குப் பிடிபடவில்லை. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வேண்டியதில்லை; நானோ 'பற்றி விவாதித்தோம்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருந்தேன். 'அலசினோம்' என்று எண்ணியிருந்தால் தப்பியிருப்பேன், ஏனெனில் எதை அலசினோம் என்றுதான் கேட்போம். தமிழில் நினைப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று பன்மையை விழுங்குகிறோமே, 'நண்பர்களில் ஒருவர்' என்று தமிழ் சரியாகத்தானே சொல்லித் தருகிறது?

காதால் மட்டும் கற்ற தொடர்கள் வேறு வகை. பழைய நிறுவனத்தில் தனக்கு 'ஃப்ரீ ரெய்ன்', அதாவது முழுச் சுதந்திரம், இருந்தது என்பவள் நடுவில் 'ஜி' சேர்த்து எழுதியதால், குதிரையின் கடிவாளம் அரசாட்சியாகிவிட்டது. 'பேட்டட் பிரெத்' என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. அதில் 'ஏ'வுக்குப் பின் 'ஐ' நுழைந்து, மூச்சில் தூண்டில் இரை மாட்டியிருக்கிறது. சரியாக எழுதினாலும் அது விண்ணப்பத்துக்கு உரிய தொடர் அன்று; அடித்துவிட்டேன்.

'ஆவன செய்க' என்ற பொருளில் வரும் 'டூ த நீட்ஃபுல்' பிழையில்லை, வெள்ளைக்காரர் காலத்து அலுவலக நடையின் மிச்சம். ஆனால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை. நேர்காணல் தேதியைத் தெரிவிக்கும்படி நேராகக் கேட்டு எழுதச் சொல். 'ரிவர்ட்' என்பதைப் 'பதிலளி' என்ற பொருளில் நம் நாட்டு அலுவலகங்கள் ஏற்கும். பழைய நிலைக்குத் திரும்புவது என்றே அறிந்த வெளிநாட்டவர் சற்றுத் திகைப்பார். விண்ணப்பம் லண்டனுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் 'ரிப்ளை' என்று மாற்றியிருக்கிறேன். குறித்த தேதியை முன்னதாக்குவதைக் குறிக்கும் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்ற சொல்லே ஆனாலும், அதையும் இந்த ஒரு முறை விட்டுவிடட்டும்.

திருத்திய பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்