பீச்சஸா, மாம்பழமா? பழச்சத்துக் கணக்கில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்களின் சத்தை ஒப்பிடும் பட்டியல்கள் பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பீச்சஸ், பிளம்ஸ், அப்ரிகொட், செரி என்று நடுவில் ஒரே கொட்டையுள்ள பழங்களை வரிசைப்படுத்தி, அப்ரிகொட்டுக்கோ செரிக்கோ முதலிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, கர்ப்பிணி மகளுக்கு இரத்தம் ஊறட்டும் என்று உலர் அப்ரிகொட் பக்கற் ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கிப் போகும் மலையகத் தாய்மாருக்காகவே இதை எழுதுகிறேன்.

பட்டியல்கள் எல்லாம் 100 கிராமுக்குப் போடப்படுபவை. கோளாறு அங்கேதான். 100 கிராம் உலர் அப்ரிகொட்டில் 2.7 மில்லிகிராம் இரும்புச்சத்து இருப்பது உண்மை. ஆனால் 100 கிராம் என்பது ஏறக்குறைய 28 துண்டுகள். யாரும் ஒரே நாளில் அவ்வளவு தின்பதில்லை. ஐந்து துண்டு தின்றால் கிடைப்பது அரை மில்லிகிராம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 27 மில்லிகிராம். அதே ஐந்து துண்டில் 9 கிராம் சீனியும் சேர்ந்து வருகிறது. காயவைத்ததில் விற்றமின் சி அநேகமாக முழுவதும் போய்விடுகிறது. உலர்ந்ததையும் உலராததையும் ஒரே வரிசையில் வைத்தால் தண்ணீர் வற்றியது வெல்லும். அது பழத்தின் பெருமையல்ல.

உலராத பழங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 100 கிராம் சதையில் விற்றமின் சி பீச்சஸில் 6 முதல் 7 மில்லிகிராம், செரியில் 7, பிளம்ஸில் 9 முதல் 10, அப்ரிகொட்டில் 10, மாம்பழத்தில் 36. கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ-யில் அப்ரிகொட் முன்னுக்கு நிற்கிறது: 96 மைக்ரோகிராம். மாம்பழத்தில் 54, பீச்சஸிலும் பிளம்ஸிலும் 16, 17 அளவில்தான். அதுவும் மஞ்சள் சதையுள்ள பீச்சஸுக்குத்தான். வெள்ளைச் சதையில் கரோட்டின் இன்னும் குறைவு. நார்ச்சத்து எல்லாவற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம், பெரிய வித்தியாசமில்லை. மாம்பழமும் நடுவில் ஒரே கொட்டையுள்ள பழம்தான் என்பதைப் பட்டியல் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊவாப் பத்தனைப் புல்வெளிகளில் தானாக வளரும் நெல்லியையும் மறந்துவிடுகிறார்கள். அதில் 100 கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. இரண்டு காய் போதும், அன்றைய தேவை தீர்ந்துவிடும்.

இந்த விற்றமின் சி-யை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இரத்தசோகை. நம் தட்டில் உள்ள இரும்பில் பெரும்பகுதி பருப்பு, கீரை, கோதுமை மா ஆகியவற்றிலிருந்து வருவது. அதை உடம்பு இலகுவில் ஏற்காது. அதே சாப்பாட்டோடு 50 மில்லிகிராம் அளவு விற்றமின் சி சேர்ந்தால் ஏற்கும் அளவு இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் குடலிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பால் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு, கையோடு சாயத்தண்ணி குடித்துவிட்டுக் கொழுந்துக்குப் போவதுதான் நம் வழக்கம். தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ தள்ளிவைக்கச் சொல்கிறேன். அந்த இடத்தில் ஒரு நடுத்தர மாம்பழத்தின் சதை, ஏறக்குறைய 150 கிராம், 55 மில்லிகிராம் விற்றமின் சி தரும். அதே எடைப் பீச்சஸ் தருவது 10 மில்லிகிராம் மட்டுமே. பழம் சாப்பாட்டோடு சேரவேண்டும் என்பது முக்கியம். மாலையில் தனியாகத் தின்ற பழம் மத்தியானத்துப் பருப்பின் இரும்புக்கு உதவாது. சம்பலில் உள்ள தேங்காய்க் கொழுப்பு பழத்தின் கரோட்டினை உடம்பில் சேர்க்கவும் துணைபுரியும்.

விலை பார்க்கும்போது கழிவையும் பாருங்கள். மாம்பழத்தில் தோலும் கொட்டையும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. பீச்சஸ், பிளம்ஸில் கொட்டை 4 முதல் 6 வீதம்தான்.

நீரிழிவுக்காரருக்குக் கணக்கு மாறிவிடுகிறது. 100 கிராம் மாம்பழத்தில் சீனி 14 கிராம் வரை, செரியில் 13, பிளம்ஸில் 10, பீச்சஸில் 8 சொச்சம். ஆகவே முழுப் பீச்சஸ் ஒன்றைத் தோலோடு தின்னலாம். மாம்பழமென்றால் ஒரு கன்னத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துப் பீச்சஸின் அருமை இதில்தான். தோலை உரிக்க வேண்டாம். நார்ச்சத்திலும் நிறப்பொருள்களிலும் நல்ல பங்கு தோலில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் விரலால் தேய்த்தால் சுணையும் போகும், மேலே படிந்த பூச்சிமருந்தும் குறையும்.

நம்மூர்ப் பீச்சஸ் இனிப்பதில்லை என்று குறை சொல்கிறார்கள். மரத்தின் மேல் பழி போட முன் பறித்த நாளைப் பார்க்கவேண்டும். மாங்காயில் மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது. பறித்தபின் அது சீனியாக மாறும். பீச்சஸில் அந்தச் சேமிப்பு இல்லை. பறவைக்கும் மழைக்கும் பயந்து காயாகப் பறித்தால் அது மெதுவாகும், இனிக்காது. வாங்கும்போது சிவப்பைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது வெயில் பட்ட பக்கம். காம்புக் குழியைச் சுற்றிப் பாருங்கள். பச்சை மாறி வெளிர்மஞ்சளோ பால்நிறமோ வந்திருந்தால் முற்றியது. முற்றிய பழத்தையும் கெட்டியாக இருக்கும்போதே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும்: 2 முதல் 8 பாகை செல்சியஸில் சில நாள் இருந்த பழம் சாறு வற்றி, கடித்தால் பஞ்சு மாதிரியாகிவிடும். வெளியில் வைத்து, காம்பருகே அழுத்தினால் இலேசாக அமுங்கும்வரை காத்திருந்து, அதன்பின் உள்ளே வையுங்கள். வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் போட்டுவைத்தால் சீக்கிரம் மெதுவாகும்.

மாம்பழத்துக்கு நுவரெலியாவின் இரவே குளிர்சாதனப் பெட்டி. 13 பாகைக்குக் கீழே பழுக்காத மாங்காய் தோல் கறுத்து, சதை சாம்பிப்போய், பழுக்காமலே நின்றுவிடும். தை, மாசியில் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் காயாக அனுப்பினால் யன்னலோரத்தில் வைக்காதீர்கள். சாக்கில் சுற்றி அடுப்படிப் பக்கம் வையுங்கள். சந்தையில் கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ பாதிக்கு மேல் பழுத்ததாகப் பார்த்து வாங்குவதே மேல்.

டின்னில் அடைத்த பீச்சஸ் வேறு சாமான். கெட்டிப் பாகில் கிடந்த பழத்தில் 100 கிராமுக்குச் சீனி 18 கிராம் அளவுக்கு ஏறி, விற்றமின் சி 3 மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் பழச்சாற்றில் அடைத்ததாகப் பார்த்து வாங்கி, சாற்றை வடித்துவிட்டுப் பரிமாறுங்கள்.

உலர் பிளம்ஸை மட்டும் நான் தள்ளமாட்டேன். மலச்சிக்கலுக்கு அது நல்ல பழம். நார்ச்சத்தும் சோர்பிற்றோல் என்ற இனிப்புப் பொருளும் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரியவர்களுக்கு இரவில் நாலைந்து, கூடவே ஒரு குவளை தண்ணீர். ஒரேயடியாகப் பத்துப் பதினைந்து தின்றால் வயிறு ஊதும். பளிச்சென்ற செம்மஞ்சள் நிற உலர் அப்ரிகொட் கந்தகப் புகையூட்டியது. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பக்கூடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: உலர் அப்ரிகொட்டில் 100 கிராமுக்கு 1,160 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம்.

கடைசியாகக் கொட்டையைப் பற்றி. அப்ரிகொட், பீச்சஸ், பிளம்ஸ் கொட்டைகளை உடைத்து உள்ளே இருக்கும் கசப்புப் பருப்பைத் தின்னும் பழக்கத்தைச் சிலர் மருந்தென்று பரப்புகிறார்கள். அதில் உள்ள அமிக்டலின் என்ற பொருள் வயிற்றில் சயனைட் நஞ்சை விடுவிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016-இல், சிறிய அப்ரிகொட் பருப்பு மூன்றுக்கு மேல் பச்சையாகத் தின்றால் வளர்ந்தவர்களுக்கே பாதுகாப்பு எல்லை தாண்டக்கூடும் என்றும், குழந்தைகளுக்கு ஒன்றே அந்த எல்லையைத் தாண்டவைக்கலாம் என்றும் எச்சரித்தது. தவறுதலாக முழுக் கொட்டையை விழுங்கியவரைப் பற்றி நஞ்சென்று பயப்படத் தேவையில்லை. ஓடு உடையாதவரை நஞ்சு வெளிவராது, தொண்டையில் அடைபடாமல் இருந்தால் சரி. ஆனால் சட்னிக்கும் ஜாமுக்கும் அரைக்கும்போது கொட்டையை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் மிக்சியில் போடவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிளம்ஸும் செரியும் கொடுக்கும்போது கொட்டை நீக்கி, நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மனைப்பொருளியல் ஆசிரியை,
பண்டாரவளை.