காற்றாலைக்கு நடுவே மீன் வளர்ப்பது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கண் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது. உன் மகள் கடல் பொறியியல் எடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடலில் காற்றாலைகளுக்கு நடுவே மீன் வளர்ப்பதைப் பற்றித்தான் ஆய்வு செய்யப்போகிறாள், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டிருந்தாய்.

நடந்துகொண்டிருக்கிறது. சீனாவில் ஃபூஜியன் கரைக்கு அப்பால் 2023இல் ஒரு மிதவையை நிறுத்தினார்கள்: மேலே 4 மெகாவாட் காற்றாலை, கீழே தூண்களுக்கு நடுவே வலை கட்டி மீன் வளர்ப்பு. தேவையும் பெருகிவிட்டது. 2022இல்தான் உலகத்தில் முதல்முறையாக, மீன், இறால், மட்டி எல்லாம் சேர்த்துப் பிடித்ததைவிட வளர்த்தது அதிகமானது, கரையோரத்தில் இனி இடம் எங்கே இருக்கிறது? பெரிய காற்றாலைகளை ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள், நடுவில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது, பல இடங்களில் இழுவைப் படகுகளை உள்ளே விடுவதும் இல்லை.

பக்கத்திலேயே மின்சாரம் கிடைக்கிறது, அதுதான் பெரிய லாபம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீவனம் ஊதவும் கேமரா, விளக்கு ஓடவும் டீசல் ஜெனரேட்டர் வைக்கிற இடத்தில் இது உதவும், சரி. ஆனால் காற்றாலையிலிருந்து கேபிளில் வருவது 33 அல்லது 66 கிலோவோல்ட், அந்த உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் மீன் வளர்க்கிற வலைக்கூண்டுக்குக் கொடுக்க வேண்டும். காற்று நின்றுபோன நாளிலும் மீனுக்குப் பசிக்கும், அதற்கு பேட்டரியும் வேண்டும். உண்மையான லாபம் இடத்திலும், ஒரே படகு இரண்டு வேலைக்கும் போய்வருவதிலும் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், காற்றாலைக்கு நல்ல இடம் வலைக்கு மோசமான இடம். அலை அடித்துக்கொண்டே இருக்கும், நீரோட்டம் வேகமானால் மீன் நீந்தி நீந்தியே களைத்துப்போகும். திறந்த கடலுக்கென்று நார்வேயில் 2017இல் இறக்கிய சால்மன் கூண்டு 110 மீட்டர் அகலம், அவ்வளவும் இரும்பு. அப்புறம் நங்கூரம். கடலடியில் மின் கேபிள் ஓடுகிற இடத்தில் நினைத்தபடி நங்கூரம் போட முடியாது. புயலில் ஒரு கூண்டு அறுத்துக்கொண்டு போய்த் தூணில் மோதினால் யார் பணம் கொடுப்பது? இதைத் தீர்க்காமல் எந்தக் காப்பீட்டுக்காரரும் கையெழுத்துப் போடமாட்டார்.

என்னைக் கேட்டால் மட்டியிலும் கடற்பாசியிலும்தான் தொடங்க வேண்டும். தீவனமே வேண்டாம், கயிற்றில் தொங்கினால் போதும், வடகடலில் ஜெர்மனியும் பெல்ஜியமும் சோதித்துப் பார்த்ததும் மட்டி, சிப்பி, பாசி வகைகளைத்தான். தூண்களில் யாரும் விதைக்காமலே மட்டி அப்பிக்கொண்டு வளர்கிறதே. வருமானம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் பொறுமையாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றை அவளிடம் கட்டாயம் சொல். காற்றாலை வந்ததால் அந்தக் கடலை இழந்த மீனவர்களுக்குத்தான் இந்த வளர்ப்பில் முதல் உரிமை கொடுக்க வேண்டும், கடலை அவர்களைப்போல யாருக்கும் தெரியாது.

நங்கூரமும் கேபிளும் எப்படி ஒன்றையொன்று தொடாமல் போகும் என்று அவள் வரைபடம் போட்டால் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
குமார்