எங்கள் பட்டறையில் ஒரு பணி நிறைவு

கரியா, ஐச்சி மாநிலம், ஜப்பான்
ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். அம்மா, மச்சான், குழந்தைகள் எல்லாரும் சுகம்தானே? குளிர் ஒருவழியாகப் போய்விட்டது. செர்ரி பூத்தது, அடுத்து வந்த மழையில் கொட்டியும் போய்விட்டது. காலை ஷிஃப்டுக்குப் போகும்போது மட்டும் இன்னும் ஜாக்கெட் வேண்டியிருக்கிறது.

உங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், லீவு விடுவதற்குள் விழா வைக்க வேண்டும், மோதிரம் சால்வையோடு நிறுத்தாமல் ஏதாவது செய்ய வேண்டும், ஜப்பானில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சரியான நேரத்தில்தான் கேட்டாய். எங்கள் கிரைண்டிங் செக்‌ஷன் பெரியவருக்குப் போன மாதக் கடைசியில் பணி நிறைவு. ஃபோனில் அடிக்கடி சொல்வேனே, அவர்தான். 1984 ஏப்ரலில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவர். நாற்பத்திரண்டு வருடம் ஒரே ஆலை. இங்கே கணக்கு வருடம் மார்ச் 31ல் முடிவதால் ஓய்வு, இடமாற்றம் எல்லாம் அந்த மாதம்தான் குவியும். எல்லாருடைய பர்ஸும் காலியாகும் மாதமும் அதுதான்.

இங்கேயும் அறுபது என்றால் விசேஷம். நம் பிரபவ, விபவ போல இவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று இருக்கிறது. பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் சேர்ந்து சுற்றி, பிறந்த வருடமே திரும்பி வரும். கான்ரெகி என்பார்கள். பெரியவர் 1965 இலையுதிர் காலத்தில் பிறந்தவர். அது மரப் பாம்பு வருடமாம், 2025ம் அதேதான். நம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1965 சித்திரையில் தொடங்கியதும் விசுவாவசு, போன சித்திரையில் தொடங்கியதும் விசுவாவசு! அவரிடம் சொன்னபோது, உங்கள் ஊரில் அறுபதுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். திருக்கடையூருக்குப் போய் மனைவிக்கே மறுபடியும் தாலி கட்டுவோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டில் சம்மதிப்பார்களா என்று கேட்க வேண்டும்" என்றார்.

அறுபது நிறைந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாத சிவப்பு மேலங்கியும் போட்டுவிடுவது இங்கே பழைய வழக்கம். குழந்தையாக மறுபடி பிறந்தவர் என்று அர்த்தம். சிவப்பு தீங்கை விரட்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் இந்தக் காலத்து அறுபது வயதுக்காரர்களில் நிறைய பேருக்கு அது பிடிப்பதில்லை. கிழவனாக்கிப் போட்டோ எடுக்கிறார்கள் என்று சங்கடப்படுவார்கள். எங்கள் குழுத் தலைவி கெட்டிக்காரி. தானாக எதையும் முடிவு செய்யாமல் பெரியவரின் மனைவிக்கு ஃபோன் போட்டார். மேலங்கி வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்தது. அதனால் ஆலையில் நாங்கள் தினமும் போடும் அதே தொப்பியைச் சிவப்புத் துணியில் தைக்கச் சொல்லி, முன்னால் அவர் பெயரைப் போட்டோம். மனுஷன் அன்று இரவு முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

பரிசுக்கும் அதே ஃபோனில்தான் விடை கிடைத்தது. மூத்தவர்களுக்குச் செருப்பு, சாக்ஸ் கொடுப்பது இங்கே மரியாதை இல்லை, மிதிப்பது என்று ஆகிவிடுமாம். கடிகாரமும் பேனாவும் கொடுத்தால் இன்னும் உழை என்று சொல்வதாகிவிடும். நம் ஊரில் ஓய்வு பெற்றவர் வீட்டுச் சுவரில் எத்தனை கடிகாரம் தொங்குகிறது, அத்தனையிலும் 'அன்பளிப்பு' என்று பெயர்ப் பட்டியல் வேறு! இவருக்குக் கெரோ என்ற வெந்நீர் ஊற்று ஊரில் மனைவியோடு தங்கி வர ஏற்பாடு செய்தோம். நகோயாவுக்கு வடக்கே, மலைக்குள் இருக்கிறது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியாமல் பல வருடமாகத் தள்ளிப் போட்ட பயணம் என்று அந்த அம்மா சொன்னதை வைத்துச் செய்தது.

இதையெல்லாம்விட நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அட்டையைத்தான். ஷிகிஷி என்று கெட்டியான அட்டை, 24க்கு 27 சென்டிமீட்டர் இருக்கும். நடுவில் அவர் பெயர், சுற்றிலும் ஆளுக்கு நாலு வரி. அவருக்குத் தெரியாமல் கவரில் போட்டு மேசை மேசையாகப் போகும், இரவு ஷிஃப்டுக்கும் போகும். வழக்கமாக 'இத்தனை வருட உழைப்புக்கு நன்றி' என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதி வைப்பார்கள், படிக்கவே சலிக்கும். இந்த முறை தலைவி ஒரு நிபந்தனை போட்டார்: அவரோடு உங்களுக்கு மட்டும் நடந்த ஒன்றை எழுத வேண்டும்.

அவர் எனக்குக் கல் தட்டிக் காட்டியதை எழுதினேன். புதிய கிரைண்டிங் வீலை, அதாவது சாணைக்கல்லை, மாட்டுவதற்கு முன்னால் தொங்கவிட்டு லேசாகத் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், மெஷின் ஓடும்போது சிதறி ஆளையே கொன்றுவிடும். நான் வந்த புதிதில் பேச்சு புரியாது. அவர் ஒரு நல்ல கல்லையும் ஒதுக்கிப் போட்ட ஒரு கல்லையும் கொண்டு வந்து மாற்றி மாற்றித் தட்டினார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தட்டினார். எனக்குப் புரிந்தது என்று தெரிந்த பிறகுதான் டீ குடிக்கப் போனார். அதைத் தமிழில் எழுதி, கீழே ஜப்பானிய மொழியில் சிறிதாக எழுதினேன். கேன்டீன் அம்மா, தட்டைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஆள் அவர்தான் என்று எழுதியிருந்தார். இன்னொருவன், மகள் பிறந்த இரவு தன் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் என்று. பக்கத்திலேயே வேலை செய்யும் எனக்கு அதில் பாதி தெரியாது.

விழா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில். தலைக்கு 5,000 யென், பெரியவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஓய்வு பெறுகிறவரே விருந்தும் போட வேண்டியிருக்கிறதே, அது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. இரண்டு மணி நேரம்தான் இடம். மேலாளர் சுருக்கமாகப் பேசினார். பெரியவர் பேசும்போது தன் பெருமை எதுவும் இல்லை, தனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று ஒரே தாளத்தில் கை தட்டினோம்: மும்மூன்றாக மூன்று முறை, அப்புறம் ஒன்று. அதோடு முடிந்தது. இன்னும் ஒருவர் பேசுவார் என்ற பேச்சே இல்லை. பூங்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் ரயிலில் போனார். மார்ச் கடைசியில் கோட் போட்டவர் பூங்கொத்தோடு ரயிலில் வந்தால் என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சிலர் லேசாகத் தலைகுனிவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஏப்ரல் 1ந் தேதி காலையில் அவர் ஆலைக்கு வந்துவிட்டார்! இங்கே ஓய்வூதியம் 65ல்தான் பொதுவாகத் தொடங்கும், அதனால் விரும்புகிறவர்களுக்கு 65 வரை வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டம். அதே லாக்கர், அதே மெஷின், சம்பளம் மட்டும் குறைவு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, அவரும் சந்தோஷமாக இல்லை என்றுதான் தோன்றுகிறது. உங்கள் டீச்சர் 2003க்கு முன்னால் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் கையில் வரும். அந்த வகையில் நம் ஊர் பரவாயில்லை.

உன் விழாவுக்கு எனக்குத் தோன்றுவது இதுதான். விழாவுக்கு யாராவது பிரமுகர் தேதி கொடுக்கட்டும் என்று காத்திருக்காதே. அவர் வந்தால் டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, ஐந்து சால்வை அவருக்கே போகும். அந்த நேரத்தில் சத்துணவு ஆயாவைப் பேசவிடு. காலையில் டீச்சர் வந்து முதலில் எந்தக் கதவைத் திறப்பார் என்று அவருக்குத்தான் தெரியும். அட்டைக்குப் பதில் பெரிய சார்ட் வாங்கி, பழைய மாணவர்களிடமும் கேட்டு எழுதி வாங்கு, மூன்றாம் வகுப்பு வாண்டுகள் படம் வரையட்டும். வாத்தியார்களிடம் மட்டும் நிபந்தனையைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு, இல்லையென்றால் எல்லாரும் 'கல்விச் சுடரே' என்றுதான் ஆரம்பிப்பார்கள். மோதிரத்துக்கு வசூலித்த பணம் இருந்தால், அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று அவர் மகளிடம் ரகசியமாகக் கேள்.

தேதி முடிவானதும் வாட்ஸ்அப்பில் சொல். என் பங்கு 1,000 ரூபாயை மச்சான் கணக்கில் போடுகிறேன். எனக்கும் அவர்தானே நாலாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். சார்ட்டில் எனக்கு நாலு வரி இடம் விட்டு வை, எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உன் கையெழுத்தில் ஏற்றிவிடு. அம்மாவின் சுகர் மாத்திரை மாற்றியதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்?

அன்புடன்,
தம்பி