பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா அயலட்டம் எல்லாம் காட்டி முடித்துவிட்டாள். மொன்றியலில் எங்கள் பிள்ளை தானே கார்ச் சில்லு மாற்றுகிறாள் என்று சொல்லும்போது அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. எனக்கும் பெருமைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. முன்சில்லைக் கழற்றி வைத்திருக்கிறாய். காரை ஜாக் ஒன்றுதான் தாங்குகிறது. பின்சில்லுக்கு அடை வைக்கவில்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மருமகன் வேலைக்குப் போயிருப்பார் என்கிறாள் அம்மா. இருக்கலாம். அவர் வீட்டில் நிற்கும் நாளாகப் பார்த்துச் செய்திருக்கலாமே.

கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்று சொன்னாய். கராஜுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்ததும் நல்லதுதான். காசு நெருக்கடி என்றால் மட்டும் மறைக்காதே. இங்கே காலபோக நெல் விதைப்பு முடிந்தது, இரணைமடுக் குளமும் நிரம்பி வருகிறது. எங்களுக்குக் குறையில்லை.

அடுத்த முறை சமதரையில், சீமெந்துத் தரையில் நிறுத்து. ஒரு பக்கத்தைத் தூக்கினால் எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. கை பிரேக் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும். பின்பக்கம் அந்தரத்தில் நிற்கும்போது அதை நம்பிப் பயனில்லை. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிக்கொள். உயர்த்திய பிறகு பலம் போட்டு இழுத்தால் கார் ஜாக்கிலிருந்து சரிந்துவிடும். ஜாக்கை வைக்கும் இடம் கதவுக்குக் கீழே, விளிம்பில் அடையாளம் வெட்டியிருக்கும். வேறிடத்தில் வைத்தால் தகடு நெளியும்.

ஜாக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்புத் தாங்கி வாங்கு. அது வரும்வரை கழற்றிய சில்லையாவது காரின் விளிம்புக்குக் கீழே படுக்கப் போடு. ஜாக் சரிந்தாலும் கார் முழுதாக நிலத்துக்கு இறங்காது. சீமெந்துக் கல்லை ஒருநாளும் முட்டுக்கொடுக்காதே, பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும். தாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில்லு மாற்றுவதற்குக் காருக்குக் கீழே போக வேண்டிய தேவையே இல்லை. தலையையோ காலையோ உள்ளே நீட்டாதே. தனியே செய்யாதே.

சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் நமது பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரைத் துளிப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட டியூப். பற்றரியும் வராது. அரிக்கன் லாம்பை நீதான் பிடித்தாய். அந்த இல்லாமையிலும் முதிரை மரக் குற்றியை முட்டுக்கு வைக்காமல் நான் ஒரு சில்லைக் கழற்றியதில்லை. நீ லாம்போடு நிற்காத இரவில் வேலையை விடியட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு குரலாவது பக்கத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நீ இப்படிச் செய்தால் கோபம் வராதா?

நட்டுகளை எண்ணெய் பூசாமல் முதலில் கையால் ஏற்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி இறுக்கு. காரை இறக்கிய பின்தான் கடைசி இறுக்கு. உன் கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். கையேட்டிலும் ஒருமுறை பார். 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்க வேண்டும். அதைச் செய்தாயா? செய்யவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதைச் செய்.

முன்பெல்லாம் நீ போன் எடுத்தால் பின்னால் மருமகனுடைய குரல் கேட்கும், "மாமா சுகமா" என்று. தீபாவளிக்கும் கேட்கவில்லை. நான் கேட்டபோது நீ பனியைப் பற்றிக் கதைத்தாய். உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, பிள்ளை. சில்லு மாற்றத் தெரிந்தவள் நீ, எதையும் சமாளிப்பாய். ஆனாலும் தனியே செய்யாதே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்குக் காலை 7 மணி என்றால் இங்கே மாலை 5.30. அந்த நேரம் எடு. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா